கடல் உள்வாங்கும் நேரத்தில் செக் ஜாவா

சென்ற ஆண்டு முதன்முறையாகச் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குச் சென்றபோது கடல் ஏறியிருந்ததால், அத்தீவின் செக் ஜாவா கரையில் தண்ணீரைத் தவிர வேறெதையும் காணாமல் திரும்பினேன். ஆகவே இம்முறை நீர்மட்டம் அரை மீட்டருக்கும் கீழே இறங்கும் நாளைத் தேடிப் பிடித்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பினேன்.

தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ் சென்று, அங்கு 1946இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ ராமர் ஆலயத்தில் கும்பிட்டோம். உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தோம். ஆளுக்கு 4 வெள்ளி. 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்பட்டு, பத்து நிமிடத்தில் அக்கரை சேர்க்கிறது.

ஜோகூர் கடற்பாலத்துக்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் கருங்கல் கொடுத்த தீவு இது. கல் வெட்டிய குழிகளில் இப்போது நீர் நிறைந்திருக்கிறது. கரையோர மரங்களில் சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. படகுத்துறையை ஒட்டிய கம்பத்தில், அதாவது சிற்றூரில், தகரக் கூரை வீடுகளும் கிணறுகளும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. செம்பவாங் பக்கத்துக் கம்பத்தில் வளர்ந்த அம்மா ஒரு கிணற்றடியில் நின்றுவிட்டார். "நம்ம வீட்டுக் கிணத்துலயும் இப்படித்தான் பாசி பிடிச்சிருக்கும், கால வச்சா வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடிச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

அங்கிருந்து வேனில் செக் ஜாவா. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் திட்டு, பவளச் சிதறல், சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு என்று ஆறு வகை வாழிடங்கள் ஒரே இடத்தில் சந்திக்கும் இந்தக் கரையை நிலமீட்புக்காக மண்ணிட்டு மூடத் திட்டமிட்டிருந்தார்கள். இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் இங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்து எடுத்துச் சொன்ன பிறகு, 2001 டிசம்பரில் அரசாங்கம் அத்திட்டத்தைத் தள்ளிவைத்தது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையே மீட்கப்பட்ட நிலத்தில் அமைந்திருக்கும் ஒரு நாட்டில், கடல் தானாக வரைந்த கரை ஒன்று மிஞ்சியிருப்பதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன்.

2007இல் திறக்கப்பட்ட பலகை நடைபாதையில் நாங்கள் சென்றபோது கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. கீழே ஈரச் சேற்றில் கட்டைவிரல் நகமளவே இருந்த ஒரு நண்டு, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத தன் ஒற்றைப் பெரிய கொடுக்கை உயர்த்தி உயர்த்தி இறக்கியது. எங்கள் நிழல் விழுந்ததும் வளைக்குள் மறைந்து, நாங்கள் அசையாமல் நின்ற பிறகு மெல்ல வெளியே வந்து, சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்தது. அதன் அருகே சேற்றில் துள்ளும் மீனொன்று துடுப்புகளை ஊன்றி நகர்ந்தது. அம்மா கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி அரைமணி நேரம் அந்த நண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் மீண்டும் ஏறத் தொடங்கி வளைகளை ஒவ்வொன்றாக மூடிய பிறகே நகர்ந்தோம். படகுத்துறையில் எங்களோடு சேர்த்து ஒன்பது பேர்தான் இருந்தோம். இன்னும் மூவர் வரும்வரை அம்மா தம் கம்பத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.