லாக்கர் தாழ் ஒட்டிக்கொள்கிறதா? பட்டனை விடுங்கள், தகட்டைப் பாருங்கள்

என் வீட்டு வண்டியில் மேல் லாக்கர்களின் (சாமான் அலமாரிகளின்) தாழ் எல்லாம் இப்போது லேசாக அழுத்தினாலே 'டக்'கென்று விடுகின்றன. உடை அலமாரிக் கதவு மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது. பட்டனை அழுத்தித் திறக்கும் வகையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பழைய பிரிட்டிஷ் கேரவன்களில் (கார் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) வரும் உருளைக் கேட்சுக்கு இது பொருந்தாது.

இந்தத் தாழ் பால்பாயிண்ட் பேனா மாதிரி. முதல் அழுத்தில் பட்டன் உள்ளே போய் நிற்கும், கதவைப் பிடிக்கும் நாக்கு வெளியே நீளும். அடுத்த அழுத்தில் பிடி விடுபடும். பட்டனை வெளியே தள்ளுவதும் நாக்கை உள்ளே இழுப்பதும் உள்ளிருக்கும் சின்ன ஸ்பிரிங்கின் வேலை. திறக்கும்போது விரலின் பலம் நாக்குக்குப் போவதே இல்லை. நாக்கு எதிலாவது இறுகியிருந்தால் எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் அது அசையாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகம்தான் உடையும். பட்டன் பாதி வெளியே வந்து நிற்கிறது என்றால் அந்த இறுக்கத்திடம் ஸ்பிரிங் தோற்றுவிட்டது என்று பொருள்.

முதலில் கதவைத் திறந்து வைத்து, காற்றிலேயே பட்டனை அழுத்திப் பாருங்கள். அப்போதும் சிக்கினால் கோளாறு தாழுக்குள். திறந்திருக்கும்போது சுத்தமாக வேலை செய்து, மூடினால் மட்டும் சிக்கினால் நாக்கு நுழையும் தகடு இடம் மாறியிருக்கிறது. பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். ஆனாலும் பலர் நேராகப் புதுத் தாழ் வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் அதே இடத்தில் சிக்குகிறது.

தகடு எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. நாக்கின் முன்பக்கம் மார்க்கர் மையோ லிப்ஸ்டிக்கோ தடவி, கதவை மூடி, தாழிட்டுத் திறங்கள். தகட்டில் மை எங்கே பதிகிறதோ அங்கேதான் இறுக்கம். மை தகட்டின் முன் உதட்டில் வழித்தெடுத்த மாதிரி பதிந்தால், கதவு வெளியே தள்ளப்படுகிறது. ஸ்குரூவைத் தளர்த்தித் தகட்டை அரை மில்லிமீட்டர் கதவுப் பக்கம் நகர்த்துங்கள். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஓட்டும்போது கதவு கடகடக்கும். கீழ் ஓரத்தில் பதிந்தால் கதவே தொங்கிவிட்டது; தகட்டை விட்டுவிட்டுக் கீல் ஸ்குரூக்களைப் பாருங்கள்.

தகட்டைத் தொடுவதற்கு முன் வண்டி எப்படி நிற்கிறது என்று பார்ப்பது முக்கியம். கேரவனின் மூலைத் தாங்குகால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல. அவற்றை அளவுக்கு மீறி முறுக்கினால் மொத்தக் கூடும் சற்றே திருகிக்கொள்ளும், கதவுச் சட்டங்கள் கோணலாகும். மோட்டார்ஹோமில் (தானே ஓடும் வீட்டு வண்டி) ஒரு சக்கரத்தை மட்டும் சரிவுக் கட்டையில் ஏற்றினாலும் இதேதான். சமதளத்தில் நிறுத்தி, ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்த பிறகே திருப்புளியை எடுங்கள். கதவின் உள்மூலையில் யாராவது தடித்த ரப்பர் பொட்டு ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு மெல்லிய ஃபெல்ட் ஒட்டுங்கள். ரப்பர் கதவை வெளியே நெட்டிக்கொண்டே இருக்கும்.

லேசான ப்ளைவுட்டில் ஸ்குரூ ஓட்டை தேய்ந்து சுற்றுவது சகஜம். நீளமான ஸ்குரூ போடாதீர்கள், 15 மி.மீ. பலகையில் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து, ஓட்டை நிறையும் வரை செருகி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டுங்கள். பிறகு 2 மி.மீ. துளையிட்டு பழைய ஸ்குரூவையே கையால் முறுக்கலாம். பேட்டரி டிரில் வேண்டாம், ஒரே நொடியில் மறுபடி தேய்த்துவிடும்.

தாழே அழுக்கென்றால் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேயுங்கள். நன்றாக உலர்ந்தபின் ஈரமில்லாத வகை பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) மசகு ஸ்பிரே போதும். எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகும். சிலிக்கான் ஸ்பிரேதான் கையில் இருக்கிறது என்றால் அதைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துத் தொடுங்கள். மரத்தில் பட்டால் அந்த இடத்தில் பின்னால் பசையும் வார்னிஷும் பிடிக்காது.

கதவு மூடியபடியே மாட்டிக்கொண்டால், தாழுக்குப் பக்கத்தில் ஒரு உள்ளங்கையால் கதவை உள்நோக்கி அமுக்கிக்கொண்டே மறு கையால் பட்டனை அழுத்துங்கள். இறுக்கம் நீங்கினால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யும். உள்ளே சாய்ந்து கிடக்கும் சாமான்தான் அழுத்துகிறது என்றால் இது ஒன்றே வழி.

உதிரிபாகம் வாங்குவோருக்கு: ஹாஃபெலே (ஜெர்மன் நிறுவனம்) வகைத் தாழ்கள் கதவின் தடிமனைப் பொறுத்து மாறும், பட்டனைச் சுற்றியுள்ள வளையமும் பட்டனும் தனியாகவும் கிடைக்கும். கதவின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள். பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களிடம் அதே நிற பட்டன் கிடைப்பது பெரிய லாபம். புதியதில் அந்தப் பித்தளை நிறம் ஒத்துப்போவதில்லை.

உடை அலமாரிக்கு வருவோம். ஈரத்தில் கதவு நடுவில் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது, தாழும் சரியாக அந்த நடுவில். தகட்டின் நீள்துளைகளில் இனி நகர இடமில்லை. பழைய ஓட்டைகளை அடைத்துப் பசை காய்கிறது, 1.5 மி.மீ. முன்னே புதுத் துளை போட வேண்டும். அதற்குள் சமையல் பக்க லாக்கரின் கேஸ் ஸ்ட்ரட்டையும் (கதவைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு) மாற்றிவிடலாம் என்று எண்ணம். 50 நியூட்டன் விசை போதுமான கதவுக்கு 100 மாட்டியிருக்கிறது. மூடிய நிலையிலும் அது கதவை நெட்டி நாக்கை இறுக்குகிறது.