359ஆம் பக்கம்

டிசம்பர் 11

ஆஸ்பத்திரியில் ஐந்தாவது மாடி. ஜன்னலோரக் கட்டில்தான் வேண்டும் என்று அப்பா கேட்டு வாங்கிவிட்டார். கீழே டீக்கடை தெரிகிறது.

கண்ணைத் திறந்ததும் "இன்னைக்கு யாரு?" என்றார். பாரதி பிறந்தநாள் என்றேன். "அது ஊருக்கே தெரியும். அப்புறம்?" எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்தது, 2004. அதற்கு அரை மார்க். விசுவநாதன் ஆனந்தை அவரே சொன்னார்: 1969, மாயவரம். மூச்சு வாங்குகிறது, வருஷம் மட்டும் தப்பவில்லை.

டிசம்பர் 12

ஆஞ்சியோ முடிந்தது. மூன்று அடைப்பு.

டிசம்பர் 13

ஆபரேஷனுக்கு 24 அல்லது 29 என்றார்கள். நடுவில் சர்ஜன் ஊரில் இல்லையாம். அதற்குள் சர்க்கரை இறங்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திச் சில நாள் விட வேண்டும்.

"24 வேண்டாம்" என்றாள் அம்மா, டாக்டர் எதிரிலேயே. நல்லவேளை, அவர் காரணம் கேட்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "எம்ஜிஆர் போன நாள்டி."

அப்பாவுக்கு அது எப்படியோ காதில் விழுந்துவிட்டது. "பெரியாரும் அன்னைக்குத்தான் போனாரு. ரெண்டு பேரும் போன வழியில போக எனக்கென்ன பயம்?"

இதைப் போய் இப்போது சொல்ல வேண்டுமா. அம்மா ராத்திரி சாப்பிடவில்லை.

டிசம்பர் 15

வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன். நீளக் கணக்கு நோட்டு, முதுகில் காக்கிக் காகிதம் ஒட்டியது. நாளுக்கு ஒரு பக்கம், 366 பக்கம். முப்பத்தோரு வருஷம் பள்ளியில் பிரேயருக்கு முன்னால் கரும்பலகையில் இதைப் பார்த்துத்தான் எழுதிப் போட்டார். பிப்ரவரி 29க்கும் ஒரு பக்கம் உண்டு: மொரார்ஜி தேசாய் 1896, ருக்மிணி தேவி 1904. நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பலகைக்கு வரும், அதற்காக விட்டுவிட முடியுமா என்பார்.

போன இடத்தில் எட்டு நாள் தேதியைக் கிழித்துப் போட்டேன். கரண்ட் பில் கட்டவில்லை.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கே ஸ்பீக்கர்.

டிசம்பர் 17

நேற்று ராத்திரி அப்பாவுக்குத் தூக்கமில்லை. "ஒண்ணுமே நடக்காத நாள் ஒண்ணு சொல்லு பாப்போம்" என்றார். சின்ன வயதில் விளையாடியது. நான் குத்துமதிப்பாக ஆகஸ்ட் 3 என்பேன், "கொலம்பஸ் கப்பல் ஏறின நாள், 1492" என்று எடுத்துப் போடுவார். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

இப்போது கையில் போன் இருக்கிறது. அரை மணி நேரம் தேடினேன். கிடைத்தது: 1930 ஏப்ரல் 18. அன்று மாலை பிபிசி வானொலியில் செய்தி வாசிக்க வேண்டியவர் "செய்தி எதுவும் இல்லை" என்று மட்டும் சொல்ல, மீதி நேரத்துக்குப் பியானோ போட்டிருக்கிறார்கள். பிபிசியே சொன்னபிறகு அப்பீல் ஏது?

சிரித்தார். சிரித்தால் நெஞ்சு பிடிக்கிறது, அப்படியும் சிரித்தார். "சிட்டகாங்."

அதே 18ஆம் தேதி ராத்திரிதான் வங்காளப் புரட்சிக்காரர் சூர்யா சென்னும் அவருடைய பையன்களும் சிட்டகாங் ஆயுதக் கிடங்கில் புகுந்தது. தந்தி, டெலிபோன் இணைப்புகளையும் துண்டித்துவிட்டார்கள். லண்டனில் அந்தப் பியானோ ஓடியபோது அங்கே நள்ளிரவு தாண்டி, எல்லாம் நடந்து முடிந்திருந்தது. "கம்பியை அறுத்துட்டா செய்தி எப்படிப் போகும்?" இது போதாதென்று ராஜாஜி வேறு. திருச்சியிலிருந்து உப்பெடுக்க 13ஆம் தேதி கிளம்பியவர் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது 28. ஆக 18ஆம் தேதி நடுவழியில் நடந்துகொண்டிருந்தார்.

நோட்டில் 109ஆம் பக்கத்தைப் பார்த்தேன். மேற்படி இரண்டும் போக, 1951 போச்சம்பள்ளியில் வினோபாவுக்கு முதல் பூதானம், 1955 ஐன்ஸ்டைன் மறைவு, பாண்டுங் மாநாடு. நான் தேடிப் பிடித்த வெறும் நாள் இது!

நர்ஸ் வந்து இருவரையும் திட்டினார்.

டிசம்பர் 19

இன்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார். "1973ல இதே நாள்தான் பெரியார் கடைசியா பேசினது, தியாகராய நகர்ல. குடலிறக்க வலி. நடுவுல நிறுத்தி நிறுத்திப் பேசினார். 94 வயசு!" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனார். அம்மா துணி மடித்தபடி கேட்டாள்: "அப்புறம் எத்தனை நாள் இருந்தாரு?"

அப்பா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வேலூர் ஆஸ்பத்திரி, 24. ஐந்து நாள்.

"நமக்கும் அஞ்சு நாள்தான் இருக்கு" என்றாள்.

பிறகு அவர் பாடம் எடுக்க ஆரம்பித்தார். வாஸ்கோ ட காமா கொச்சியில் செத்ததும் டிசம்பர் 24, 1524. ஆனால் அது பழைய காலண்டர். 1582ல் அக்டோபர் 4க்கு மறுநாளை 15 என்று மாற்றிவிட்டார்கள், பத்து நாள் காணாமல் போனது. புதுக் கணக்குப்படி அவருடைய 24 ஜனவரி 3. "அப்ப நீ எந்த 24க்குப் பயப்படுறே?"

"எந்த 24ஆ இருந்தாலும் வேண்டாம்."

அப்புறம்தான் கடைசிச் சீட்டை இறக்கினார். 1984 டிசம்பர் 24, தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு. எம்ஜிஆர் அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பிரசாரத்துக்கு ஒரு நாள்கூட வரவில்லை. ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார், ஆட்சியையும் பிடித்தார். "நீயும்தான் வரிசையில நின்னே, இவளை இடுப்புல வச்சுக்கிட்டு."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மடித்த துண்டையே உதறி மறுபடி மடித்தாள்.

டிசம்பர் 20

சர்க்கரை 212. யார் கொடுத்தது அந்த ஜாங்கிரியை?

டிசம்பர் 21

அப்பா தூங்கும்போது 359ஆம் பக்கத்தைப் படித்தேன். முதலில் வாஸ்கோ ட காமா. 1968, மூன்று பேர் அப்பல்லோ 8இல் நிலாவைச் சுற்றியது. பக்கத்தைத் திருப்பினால் மறுநாள், அதே மையில், கீழ்வெண்மணி, தீயில் 44 பேர். அவர்கள் நிலாவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த ராத்திரி. அப்பாவுக்கு அப்போது 17 வயது, ஊர் அங்கிருந்து அதிக தூரமில்லை. 1972, ராஜாஜியும் அந்த 25இல்தான். அவருடைய இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்து அழுத பெரியார், சரியாக 364 நாள் கழித்து.

திரும்ப 359. பெரியார் 1973. எம்ஜிஆர் தேர்தல் 1984. எம்ஜிஆர் 1987.

1973க்கும் 1984க்கும் நடுவில் பென்சிலில் ஒரு வரி. மங்கிப்போய் இருந்தது, டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன்.

"1979. காலை 4.10. 1 கிலோ 900."

பெயர் இல்லை. நான் பிறந்தது 81.

அம்மா தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள், முகம் சுவர்ப்பக்கம். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 22

சம்மதப் படிவத்தில் பிறந்த தேதி கேட்டார்கள். "எதைப் போட?" என்றார். சர்டிபிகேட்டில் ஜூன் 1, பள்ளியில் சேர்த்துவிட ஹெட்மாஸ்டர் போட்டது. நிஜத் தேதி ஐப்பசியில் ஏதோ ஒரு நாள், பாட்டிக்கு நட்சத்திரம்தான் தெரியும். ஜூன் 1 என்றே எழுதினேன்.

இன்று ராமானுஜன் பிறந்தநாள். வகுப்பில் 23 பேர் இருந்தாலே இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக வரப் பாதிக்கு மேல் வாய்ப்பு என்று அப்பா பந்தயம் கட்டுவார். அவர் வகுப்பில் 40 பேர். 40 என்றால் பத்துக்கு ஒன்பது தடவை ஜெயிக்கலாம். எங்கள் ஊரில் கணக்கே வேண்டாம், பாதிப் பேருக்கு ஜூன் மாதம்!

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதும் இன்றைய ராத்திரி, 1964. அதை இன்று இருவருமே சொல்லவில்லை.

தேதி 24 என்று முடிவாகிவிட்டது. அம்மாதான் கையெழுத்துப் போட்டாள். ஏன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் 23

ரத்தம் கொடுக்க மூன்று பேர் வந்தார்கள், எல்லாரும் அப்பாவிடம் படித்தவர்கள். ஒருவருக்குத் தொப்பை. அவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு "இன்னைக்கு என்ன நாள்?" என்றார். "விவசாயிகள் தினம் சார், சரண் சிங் பிறந்தது" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார் அந்த மனிதர்.

டிசம்பர் 24

5.20. சவரம், குளியல், பச்சை அங்கி. மோதிரம் கழலவில்லை, சோப்பு போட்டுக் கழற்றினார்கள். இப்போது என் கட்டைவிரலில்.

அம்மா பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எம்ஜிஆர் ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே ஜெயிச்சாரே, அது இந்த நாள்தான்."

7.15. உள்ளே.

10.40. ஒன்றும் சொல்லவில்லை. டீ.

1.05. அம்மா நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். 359ஐ நான் எடுத்துத் தர வேண்டியிருக்கவில்லை, அவளே சரியாகப் பிரித்தாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, "கண்ணாடி மேல இருக்கு, நீ படி" என்றாள்.

வாஸ்கோ ட காமாவிலிருந்து ஆரம்பித்தேன்.