லேசர் அடித்தால் பல் முளைக்குமா?

"லேசர் அடிச்சா பல்லு தானா வளருமாமே டாக்டர், அப்புறம் ரூட் கேனல் எதுக்கு?" வாட்ஸ்அப்பில் அந்தப் பழைய செய்தி மறுபடி சுற்றத் தொடங்கினால் என் கிளினிக்கில் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். அதை வெறும் புரளி என்று தள்ளிவிடவும் முடியாது.

2014-ல் ஹார்வர்டில் டேவிட் மூனியின் ஆய்வகத்தில் நடந்த வேலை அது. செய்தவர் பிரவீண் அராணி, பல் மருத்துவர். எலியின் கடைவாய்ப்பல்லைப் பல்ப் (பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான திசு) தெரியும் வரை குடைந்து, 810 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை மிகக் குறைந்த வீரியத்தில் காட்டி, தற்காலிகமாக மூடினார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது லேசர் பட்ட பற்களில் புதிதாக டென்டின், அதாவது எனாமலுக்கு அடியில் இருக்கும் கெட்டியான பகுதி, படிந்திருந்தது. (மனுஷர் வாயிலேயே கடைசிப் பல்லுக்கு டிரில் கொண்டுபோக நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். எலி வாயில்! கும்பிட வேண்டிய கை அது.)

ஒளி பட்டதும் திசுவில் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. ஏற்கெனவே அங்கே செயலற்றுக் கிடக்கும் டிஜிஎஃப்-பீட்டா1 என்ற புரதத்தை அவை முடுக்கிவிடுகின்றன. பல்ப்பில் உள்ள ஸ்டெம் செல்களை டென்டின் செய்யும் செல்களாக மாறத் தூண்டுவது அந்தப் புரதம்தான். அதை ஏற்கும் வழியை மரபணு மாற்றத்தால் அடைத்துவிட்ட எலிகளில் லேசர் எடுபடவில்லை. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வெளியிலிருந்து மருந்து எதுவும் வைக்கவில்லை, உடம்பிலேயே இருந்ததைத்தான் எழுப்பினார்கள்.

ஆனால் வளர்ந்தது டென்டின் மட்டும். பல்லின் வெளிப்பூச்சான எனாமலைச் செய்யும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. எழுப்ப அங்கே யாரும் இல்லை. இன்னொன்று, எலிக்குக் குடைந்தது நல்ல பல்லை. என்னிடம் வருபவர்கள் கிருமி உள்ளே போய், ராத்திரி தூங்கவிடாமல் வலித்த பிறகுதான் வருகிறார்கள். செத்துப்போன பல்ப்பில் எந்த ஒளியும் வேலை செய்யாது.

அளவும் முக்கியம். ஒளி குறைந்தால் பலன் இல்லை, கூடினால் செல்லுக்கே கெடுதல். "எல்லாத்துக்கும் ஆகும் டாக்டர்" என்று டயோடு லேசர் விற்க வருகிறவர்களிடம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் என்று கேட்டால் பேச்சை விலைக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

சொத்தையை எடுக்கும்போது பல்ப் துளியூண்டு தெரிந்து, ரத்தம் சீக்கிரம் நின்றால் நான் இன்றைக்கும் எம்டிஏ என்ற பல் சிமென்ட்டை வைத்துத்தான் மூடுகிறேன். திறந்த இடத்தின் மேல் மெதுவாக டென்டின் பாலம் கட்ட அதுவே உதவுகிறது. குறைந்த வீரிய லேசரை நான் தயங்காமல் சிபாரிசு செய்வது வேறு இடத்தில்: தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க. அதற்குச் சர்வதேச வழிகாட்டுதலே இருக்கிறது. வீட்டில் யாருக்காவது அந்தச் சிகிச்சை தொடங்கப் போகிறது என்றால், முன்கூட்டியே அவர்களுடைய மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.