நான்கு கிரேஞ்ச் பாட்டில்களை விற்க எட்டு மாதம்

ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் கிரேஞ்ச் என்ற சிவப்பு ஒயினில் 1998-ஆம் ஆண்டு விளைச்சலின் ஆறு பாட்டில்களை, 2003-இல் அது கடைக்கு வந்த சில நாட்களிலேயே மெல்போர்னில் வாங்கினேன். என் மகள் பிறந்த ஆண்டின் ஒயின் என்பது ஒரு காரணம். தெற்கு ஆஸ்திரேலியாவில் அந்த ஆண்டு, இந்த ஒயினுக்கு அடிப்படையான ஷிராஸ் திராட்சை அருமையாக விளைந்தது என்று விமர்சகர்கள் பலரும் எழுதியது இன்னொரு காரணம். அண்மையில் அவற்றுள் நான்கை விற்று, மகளின் மேற்படிப்புச் செலவில் கொஞ்சமாவது ஈடுகட்டலாம் என்று முடிவு செய்தபோது, படம் எடுத்து அனுப்பினால் இரண்டு வாரத்தில் பணம் கைக்கு வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். எட்டு மாதம் ஆயிற்று. அலைந்த அலைச்சலில் பாதி என் கவனக்குறைவால் வந்தது. மீதிப் பாதிக்கு நான் பொறுப்பல்ல.

முதலில் ஓர் எச்சரிக்கை. இங்கே மெல்போர்னில் உரிமம் இல்லாத தனிமனிதர் மதுவை நேரடியாக விற்பது சட்டப்படி குற்றம். இணையத்தில் விளம்பரம் போட்டுவிட்டு வாங்குபவரை வீட்டுக்கு வரச் சொல்லும் எண்ணம் இருந்தால் அதை அப்போதே விட்டுவிடுங்கள். உரிமம் பெற்ற ஏல நிலையம் அல்லது தரகர் வழியாகத்தான் விற்க முடியும். இதை அறியாமல் நான் அலுவலக நண்பர் ஒருவரிடம் விலை பேசி, அவர் முன்பணம் தரவும் தயாரான பிறகு, கூச்சத்தோடு பின்வாங்க நேர்ந்தது.

ஏல நிலையத்தின் விண்ணப்பப் படிவம் ஒரே பக்கம்தான். அதில் கேட்டிருந்தவை மூன்று: எங்கே வாங்கினீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள், ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது. சேகரிப்பவர்கள் விமர்சகர்கள் தரும் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள் என்று நானும் நம்பியிருந்தேன். நூற்றுக்கு நூறு என்பது தராசில் வைக்க அனுமதிச்சீட்டு மட்டுமே; விலையைத் தீர்மானிப்பவை அந்த மூன்று கேள்விகள்தான். மட்டம் என்பது, பாட்டிலை நிமிர்த்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒயின் கழுத்துக்குள் நிற்கிறதா, கழுத்தின் அடிக்கு இறங்கியிருக்கிறதா, தோள்வரை போய்விட்டதா என்பது. தோளுக்கு இறங்கியிருந்தால் தக்கை வழியே ஒயின் கசிந்து, அந்த இடத்தைக் காற்று பிடித்திருக்கிறது என்று பொருள். மட்டத்தைப் படம் எடுக்க பாட்டிலுக்குப் பின்னால் கைப்பேசி விளக்கை ஏற்றி வைத்தால் போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

படம் எடுக்க பாட்டில் வேண்டுமே. என்னுடையவை 2009 முதல் நகருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருந்தன. ஒரு சனிக்கிழமை காலை முக்கால் மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய் நின்றேன். பெட்டியை வெளியே எடுக்க இரண்டு வேலைநாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றும், சனிக்கிழமைகளில் பெட்டிகளை வாங்கி வைப்பார்களே தவிரத் திருப்பித் தருவதில்லை என்றும் முன்மேசையிலிருந்த இளைஞர் சொன்னார். பதினைந்து ஆண்டு வாடிக்கையாளன் என்று சொல்லிப் பார்த்தேன். கணினியில் என் பெயருக்கு எதிரே 2015 என்றிருக்கிறது என்றார். அங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது.

அந்த ஆண்டு அவர்கள் கணினி முறையை மாற்றினார்களாம். அதற்கு முந்தைய பதிவுகள் எதுவும் புதிய முறைக்கு வரவில்லை. 2009-இலிருந்து பெட்டி அங்கேயே இருந்ததற்குச் சான்றுக் கடிதம் கேட்டபோது, "2015-இலிருந்துதான் எங்களால் எழுத முடியும்" என்று மூன்று முறை, மூன்று வெவ்வேறு பேர், மின்னஞ்சலில் பதில் எழுதினார்கள். வங்கியைக் கேட்டால் அவ்வளவு பழைய கணக்கறிக்கை தர இயலாது என்றது. கடைசியில் நான் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட ஒரு பழைய மின்னஞ்சல் முகவரியின் கடவுச்சொல்லை எப்படியோ மீட்டு உள்ளே போனபோது, 2009 ஜூன் முதல் மாதந்தோறும் அதே கிடங்கு அனுப்பிய வாடகை ரசீதுகள் வரிசையாகக் கிடந்தன. அறுபதுக்கும் மேற்பட்ட ரசீதுகளை ஒன்றாகக் கோத்து ஏல நிலையத்துக்கு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். வாடகை ரசீதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. நீங்கள் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது, வாங்கிய கடை ரசீது. கடையே மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வரிக் கோப்புகள், வீட்டுப் பத்திரங்கள், கராஜில் இருந்த அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் நான் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, "மகளுக்காக வாங்கியதுதானே, அவள் ஃபைலில் பாருங்கள்" என்றாள் மனைவி. மகளின் தடுப்பூசி அட்டைக்கும் பாலர் பள்ளி ஓவியம் ஒன்றுக்கும் நடுவே, எழுத்து பாதி வெளிறிப்போன அந்த ரசீது இருந்தது. தேதியும் ஆறு பாட்டில் என்பதும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் இருபது ஆண்டுகள் தாங்குவதில்லை. வாங்கிய அன்றே நகல் எடுத்து வைப்பது நல்லது.

இனி என் கவனக்குறைவுக்கு வருகிறேன். 2003 முதல் பாட்டில்கள் வீட்டின் நடுவிலிருந்த ஓர் இருட்டு அலமாரியில் படுக்கை வாட்டில் இருந்தன, அதில் குறையில்லை. 2009 ஜனவரியில் வீடு மாறினோம். பெட்டி பிரிக்க நேரமில்லாமல் புது வீட்டின் கராஜில், தகரக் கூரையின் கீழ், ஐந்து மாதம் அவற்றை விட்டுவைத்தேன். அந்தக் கோடையை மெல்போர்னில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஜனவரி இறுதியில் தொடர்ந்து மூன்று நாட்கள் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. பிப்ரவரி 7 அன்று 46.4 டிகிரி. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். கிடங்கின் 14 டிகிரியில் அதன்பின் எத்தனை ஆண்டு வைத்தாலும் அந்தச் சில நாட்கள் செய்ததை மாற்ற முடியாது. கிடங்கிலிருந்து பெட்டி ஒருவழியாக வெளியே வந்தபோது நான்கு பாட்டில்கள் கழுத்தின் அடியில் நின்றன. ஒன்று மேல்தோளுக்கு இறங்கியிருந்தது. இன்னொன்றின் கழுத்துறையைச் சுற்றிக் கருஞ்சிவப்பாக ஒட்டும் பிசுக்கு, மட்டம் நடுத்தோள்.

இதைப் படிவத்தில் மறைத்துவிடலாமா என்று ஒரு மாலை முழுவதும் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறைக்கவில்லை. அது நேர்மை மட்டும் அல்ல. பிசுக்கைத் துடைத்தாலும் தக்கை உயர்ந்து நிற்பதை உறைக்கு மேலே விரல் வைத்தாலே கண்டுகொள்வார்கள்.

பழைய பாட்டில்களைப் பரிசோதித்துத் தக்கை மாற்ற பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல் நடத்திவரும் முகாம் என் நல்ல காலத்துக்கு அவ்வாண்டு மெல்போர்னிலும் நடந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவர்களுடைய சிவப்பு ஒயின்களை மட்டும் எடுத்துப் போகலாம், முன்பதிவு கட்டாயம். பதிவு, வரிசை, காத்திருப்பு எல்லாம் சீராகவே நடந்தன. ஆறையும் கொண்டுபோனேன். முதல் நான்கையும் விளக்கொளியில் பார்த்துவிட்டு, "இவற்றைத் தொட வேண்டாம், அப்படியே வைத்திருங்கள்" என்றார் மேசையில் இருந்தவர். திறக்காமல் இருக்கும் பாட்டிலைத் தேவையில்லாமல் திறக்க அவர்கள் விரும்புவதில்லை, சேகரிப்பவர்களும் விரும்புவதில்லை.

மேல்தோளில் நின்ற பாட்டிலின் உறையைக் கத்தியால் சுற்றி அறுத்து எடுத்தார். தக்கையின் மேற்பகுதி ஈரமாக, கறுத்திருந்தது. இரட்டை அலகு கொண்ட கருவியைக் கண்ணாடிக்கும் தக்கைக்கும் இடையே மெல்ல ஆட்டி ஆட்டி இறக்கி, திருகிக்கொண்டே மேலே தூக்கினார். தக்கை உடையாமல் முழுதாக வந்தது. அதில் ஒரு பக்கம் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒயின் ஏறிய தடம் ஒரு கோடாகத் தெரிந்தது. தேக்கரண்டி அளவு ஒயினைக் கிளாசில் ஊற்றி, ஒயின் தயாரிப்பாளர் முகர்ந்தார், சுவைத்தார், என்னிடமும் நீட்டினார். கறுப்பு பிளம்பழமும் பழைய தோலும் கலந்தாற்போல ஒரு மணம். நாக்கில் இன்னும் துவர்ப்பு இருந்தது. தேறிவிட்டது. குறைந்த அளவைப் பிந்தைய ஆண்டுக் கிரேஞ்சால் நிரப்பி, காற்றை வெளியேற்ற மந்த வாயு செலுத்தி, புதுத் தக்கை அடித்து, புது உறை போட்டு, பின்புறம் கையொப்பமிட்ட சான்று லேபிள் ஒட்டினார்கள். எல்லாம் பத்து நிமிடத்துக்குள்.

ஆறாவது தேறவில்லை. முகர்ந்தவர் முகத்தில் எதையும் காட்டாமல் கிளாசை என் பக்கம் தள்ளினார். புளிக்காடியும் வேகவைத்த உலர்திராட்சையும் கலந்த வாசனை. சாதாரணத் தக்கை ஒன்றை அடைத்து, ஒரு வெள்ளைப் புள்ளி ஒட்டித் திருப்பித் தந்தார்கள். அந்தப் புள்ளி இருந்தால் ஏலச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். ஆகவே, சந்தேகமான பாட்டிலை அங்கே கொண்டுபோவதற்கு முன், அது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள உண்மையிலேயே விரும்புகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றிரவே அதைத் திறந்து நானும் மனைவியும் ஆளுக்கு அரைக் கிளாஸ் குடித்தோம். மீதி மறுநாள் ஆட்டுக்கறியில் போனது. கறி நன்றாகவே இருந்தது.

தொடப்படாத மூன்றும் சான்று பெற்ற ஒன்றுமாக நான்கை ஏல நிலையத்துக்கு நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். பிப்ரவரி மாதத்தில் மூடிய வேனுக்குள் அவற்றை ஏற்ற நான் இரண்டாம் முறையும் ஏமாளியாகத் தயாராக இல்லை. விற்பனைப் பட்டியல் வெளியான அன்று பார்க்காமல், ஏலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் பார்த்தேன். நான்கையும் ஒரே தொகுதியாகப் போட்டு, "மட்டம் சிறப்பு" என்று எழுதியிருந்தார்கள். தக்கை மாற்றியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தொலைபேசியில் பேசிய பெண், விவரக்குறிப்பு கிடங்குப் பிரிவிலிருந்து வருவது, ஏலக்கேள்வி தொடங்கிய பின் திருத்த முடியாது என்றார். வாங்கியவர் சான்று லேபிளைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் விற்றார்கள் என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அப்போது பார்க்கலாம்" என்றார். மேலாளரைக் கேட்டு, மின்னஞ்சல் எழுதி, முகாமில் எடுத்த படத்தை இணைத்து, மறுநாள் மதியம் தொகுதியை விலக்க வைத்தேன். அடுத்த ஏலம் ஐந்து வாரம் கழித்து. இம்முறை மூன்று ஒன்றாக, ஒன்று தனியாக, சான்றின் படத்தோடு. பட்டியல் வெளிவரும் நாளைக் குறித்துவைத்து அன்றே வரி வரியாகப் படியுங்கள். குறைந்தபட்ச விலையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றும் பாட்டிலுக்கு எழுநூற்றுச் சொச்சம் டாலருக்குப் போயின. தக்கை மாற்றியது அதைவிடச் சற்றுக் குறைவு. அதில் பன்னிரண்டு சதவீதம் ஏல நிலையத்துக்கு. வாங்குபவரிடம் அவர்கள் தனியாக வசூலிப்பது வேறு கணக்கு. கிடங்கு வாடகை மாதம் நான்கு டாலர் என்று பதினைந்து ஆண்டுக்குக் கூட்டினால் 720 டாலர், அதாவது ஏறத்தாழ ஒரு முழுப் பாட்டில். 1951-ஆம் ஆண்டுக் கிரேஞ்ச் ஒன்று 2021-இல் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டியதைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள், அது கிரேஞ்சை உருவாக்கிய மாக்ஸ் ஷூபர்ட் சோதனையாக வடித்த முதல் ஆண்டு, கடையில் விற்கவே படாதது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இப்போது புதிதாக வரும் கிரேஞ்ச் கடையில் ஆயிரம் டாலர். அண்மை ஆண்டுகளின் பாட்டில்கள் ஏலத்தில் அதைவிடக் குறைவாகவே போகின்றன. லாபத்துக்காக வாங்குவதாயின் நான் இன்று வாங்கமாட்டேன். குடிப்பதற்காகவும் ஒரு தேதிக்காகவும் வாங்குவதாயின், அதே நிறுவனத்தின் "பின் 389" (Bin 389) என்ற ஒயின் போதும். கிரேஞ்ச் முதிர்ந்த மரப்பீப்பாய்களில் வைக்கப்படுவதால் "குட்டி கிரேஞ்ச்" என்று அதற்குப் பெயர் வந்தது, விலை பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஹென்ஷ்கி நிறுவனத்தின் ஹில் ஆஃப் கிரேஸ் என்ற ஒயின் மீது எனக்கு ஆசை உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில், 1860-களில் நட்ட கொடிகளும் உள்ள ஒரே தோட்டத்திலிருந்து வருவது அது. ஆனால் அதன் விலைக்கு என்னிடம் இன்னொரு மகள் இல்லை.

மிச்சமிருக்கும் ஒரே பாட்டில் வீட்டில், ஒரு சிறிய குளிர்பெட்டியில் படுத்திருக்கிறது. மகள் எப்போது கேட்கிறாளோ அப்போது. கிடங்குக் கணக்கை முடிக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். கடந்த மாதமும் காலிப் பெட்டிக்கு நான்கு டாலர் ரசீது வந்தது, "2009 முதல் எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு" என்ற தலைப்போடு.