அம்மாவின் முதுகு முறிவும் ஞாயிற்றுக்கிழமைக் குளிசையும்

ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குனிந்து வாளியைத் தூக்கும்போது அம்மாவுக்கு நடுமுதுகில் சடக்கென்று பிடித்தது. வாய்வுப் பிடிப்பு என்று பெரியம்மா எண்ணெய் பூசினார். முறிவு நெரிவு வைத்தியரிடம் புக்கை கட்டலாம் என்றார் மாமா. "விழவே இல்ல மகன், பிறகு எப்பிடி முறியும்?" என்று அம்மாவே சிரித்தார். ஆனால் படுக்கையில் புரளக்கூட முடியவில்லை.

மட்டக்களப்பில் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சுப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் முதல் இடுப்பு முள்ளென்பு, அதாவது முதுகெலும்பின் ஒரு கட்டை. அதன் முன்பக்கம் நசிந்து, பின்பக்கம் அப்படியே இருந்தது. ஆப்பு மாதிரி. எலும்பு மெலிந்தவர்களுக்கு இருமினாலே இப்படி நசியலாமாம். எம்.ஆர்.ஐ.யில் இன்னொன்றும் தெரிந்தது: மேலே ஒரு முள்ளென்பு எப்போதோ நசிந்து ஆறியிருந்தது. உயரம் குறைந்திருந்ததால்தான் அலுமாரி மேல்தட்டு எட்டவில்லை என்று அம்மா கொஞ்சக் காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் விளங்கியது.

தொய்வுக்காக (ஆஸ்துமா) அம்மா பல வருடம் விட்டு விட்டு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து குடித்தவர். மாதவிடாய் நின்ற வயது, அதோடு இந்த மருந்து. எலும்பு கரைய இரண்டும் போதும். ஆனாலும் காசநோய், புற்றுநோய் போன்றவை இல்லை என்று உறுதியாக்க இரத்தமும் சோதித்தார்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், இளவயது எலும்போடு ஒப்பிடும் டி மதிப்பு மைனஸ் 2.5க்குக் கீழே, அதற்குப் பெயர் ஒஸ்டியோபொரோசிஸ், எலும்பு மெலிவு நோய்.

கட்டிலில் மாதக் கணக்கில் கிடக்க வேண்டும் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் அதைத்தான் வேண்டாம் என்றார். படுத்தே இருந்தால் எலும்பும் தசையும் இன்னும் கரையும். வலி பொறுக்கும் அளவுக்கு வந்ததும் எழுந்து நடக்க வேண்டும். எழும்புவதற்கும் ஒரு முறை உண்டு. பிசியோதெரபிஸ்ட் பிள்ளை கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்: முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக ஒரு பக்கம் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும். நேராக நிமிர்ந்து எழும்பவே கூடாது. பலமான வலிக்குளிசை மலச்சிக்கலைக் கொண்டுவந்தது. முக்கினால் முதுகு கொன்றுவிடும். அதற்கும் தனியாக மருந்து கேட்டு வாங்கினோம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கனடாவிலிருந்து மச்சான் போன் எடுத்து, "நசிஞ்ச எலும்புக்குள்ள ஊசியால சீமெந்து ஏத்தினா ரெண்டு நாளில நடப்பா, ஏன் செய்யல்ல?" என்றார். டாக்டரிடம் கேட்டேன். 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சீமெந்து ஏற்றியவர்களுக்கும் ஏற்றுவதுபோல் பாவனை மட்டும் செய்தவர்களுக்கும் வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லையாம். வலி விடாமல் நீடிக்கும் சிலருக்கு மட்டும் யோசிப்பார்கள். பெரும்பாலான முறிவுகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமாகவே ஆறும். கால் பலமிழந்தால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால், தொடையிடுக்கு மரத்தால் மட்டும் ஒரு நிமிடமும் பார்க்காமல் ஓடி வரச் சொன்னார்.

வலி ஆறியது பாதி வேலைதான். அடுத்த முள்ளென்பு நசியாமல் பார்ப்பது மீதி. அதற்குத்தான் எலும்பு கரைவதைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் குளிசை, கிழமைக்கு ஒருமுறை 70 மில்லிகிராம். வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதையும் தின்னாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் களத்தை (உணவுக்குழாயை) புண்ணாக்கும், மருந்தும் உடம்பில் சேராது. விடிந்தால் தேத்தண்ணி இல்லாமல் கண் திறக்காத அம்மாவுக்கு இது பெரிய தண்டனை. ஞாயிறு காலையில் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கூட்டை முறைத்துக்கொண்டிருப்பார். கல்சியம் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகக் கொடுக்கிறோம். ஆட்டம் கண்டிருந்த பல்லை, இந்த மருந்து தொடங்குமுன்பே பிடுங்கச் சொன்னார்கள். தயிருக்கு மட்டக்களப்பில் குறைவா? பாணி ஊற்றினால்தான் அம்மாவுக்கு இறங்கும், அது வேறு கதை.

மேல்முதுகில் விழுந்த கூன் நிமிரவில்லை. நிமிராது என்றும் சொல்லிவிட்டார்கள். கிணற்றுக்கு மோட்டர் பூட்டி, இடுப்பளவில் குழாய் வைத்தோம். குந்தியிருந்து தேங்காய் திருவுவதையும் நிறுத்தி, மேசையில் பூட்டும் திருவலை வாங்கிக் கொடுத்தேன். அதில் பூ சரியாக விழவில்லை என்று இன்றைக்கும் ஏச்சு.