இரண்டு தடவை கொழும்புக்குப் போன மொறிஸ் மைனர்

அப்பாவின் 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில், காபரேற்றரின் வாயில் சில சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்துக் கார்களுள் அதுவும் ஒன்று. எஞ்சினைப் பிரித்துக் கட்டிய கதையை இங்கே எழுதவில்லை. சிலிண்டர் கடைந்தது, 0.040 அங்குலம் பெரிய பிஸ்டன் போட்டது எல்லாம் சுன்னாகத்தில் தெரிந்த கையால் நடந்தன. முதல் 800 கிலோமீற்றரை வேகம் கூட்டாமல் ஓட்டி, எண்ணெயும் மாற்றினேன். என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்த டியூனிங்கில்தான்.

டைனோவில், அதாவது சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு வலுவை அளக்கும் கருவியில் ஏற்றினால், காற்றும் பெற்றோலும் சேரும் கலவையை அளந்து சரிசெய்யலாம் என்றார்கள். காரை லொறியில் ஏற்றி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கொழும்புக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் முதலில் கேட்டது, கணினி வயரை எங்கே செருகுவது என்று. இந்தக் காரில் கணினி கிடையாது என்று விளக்கவே நேரம் போனது. எஞ்சினின் வேகத்தை அளக்கும் கவ்வியை முதலாம் பிளக்கின் வயரில் மாட்டினால், நிமிடச் சுற்றுவேகம் 2000க்கும் 7000க்கும் இடையில் துள்ளியது. என்னுடையது பழைய செப்புக் கம்பி வயர். அதன் மின் இரைச்சல் கருவியைக் குழப்பும். எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. போகிறவர்கள் மின்தடை உள்ள வயரையோ பிளக் தொப்பியையோ ஊரிலேயே மாட்டிக்கொண்டு போங்கள். அங்கே ஒரு வயரை இரவல் வாங்குவதற்குள் அரை நாள் முடிந்துவிட்டது.

அதன்பின், புகையைக் கொண்டு கலவையை அளக்கும் சென்சரைச் சைலன்சரின் பின்குழாயில் சொருகினார்கள். காற்றுக்கும் பெற்றோலுக்கும் 17க்கு 1 என்று காட்டியது. பெற்றோல் போதாது என்று சொல்லி, எஸ்யூ காபரேற்றரில் பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை ஒரு பட்டை, அதாவது அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்கம், கீழே இறக்கினார். பிறகு இன்னொன்று. இப்படி ஏழு பட்டை, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கும் மேல். திரையில் 14 வந்ததும் முழு வேகம் கொடுத்தார். சக்கரத்தில் கிடைத்தது 24 குதிரை வலு. தொழிற்சாலை இந்த 1098 சிசி எஞ்சினுக்குச் சொன்னது 48. கியர்பெட்டியிலும் பின் அச்சிலும் போவதைக் கழித்தாலும் கணக்கு உதைத்தது. "பழைய எஞ்சின்தானே அண்ணா, இதற்கு மேல் வராது" என்றார். முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கையில் தந்தார். அந்தச் சொல் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அது பழைய எஞ்சின் அல்ல, புதிதாகக் கட்டிய எஞ்சின்.

ஊருக்கு வந்து பிளக்குகளைக் கழற்றினால் நான்கும் கரிச்சட்டியின் அடிபோல இருந்தன. கோண்டாவிலில் எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஐயா ஒருவரிடம் காட்டினேன். விரலால் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, எஞ்சினைப் பெற்றோலில் முழுக வார்த்திருக்கிறார்கள்" என்றார். ஈரத்துணியைச் சுருட்டி, ஓடிக்கொண்டிருந்த காரின் பின்குழாயை அழுத்தி மூடினார். முன்பக்கம் எங்கோ 'புஸ் புஸ்' என்றது. எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் மெனிபோல்டும் புகைக்குழாயும் சேரும் கிளாம்பைச் சுற்றி மெல்லிய கரிக்கோடு. புகை துடித்துத் துடித்துப் போகும்போது, அந்த இடுக்கால் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. சென்சர் அதையும் சேர்த்து அளந்து, பெற்றோல் போதாது என்று பொய் சொல்லியிருக்கிறது. முப்பது விநாடியில் ஐயா கண்டுபிடித்ததை, ஒரு நாள் முழுக்க அங்கே ஒருவரும் தேடவில்லை.

இரண்டாம் தடவை வேறோர் இடத்துக்குப் போனேன். அதற்கு முன் கிளாம்பைப் புதிதாக மாட்டி, மெனிபோல்டுக்குக் கீழே குழாயிலேயே சென்சருக்கு ஒரு நட்டை ஒட்டுவித்தேன். ஜெட்டை முழுதாக மேலே ஏற்றி, அங்கிருந்து பன்னிரண்டு பட்டை இறக்கி வைத்தேன். காபரேற்றரின் மேல் தூண் போன்ற டாஷ்பொட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்; அது வற்றினால் அக்சிலரேற்றரை மிதித்தவுடன் எஞ்சின் திணறும். காற்று வடிகட்டியைக் கழற்ற விடாதீர்கள். முதல் இடத்தில் கழற்றிவிட்டுத்தான் அளந்தார்கள். வடிகட்டியோடு ஓடப்போகும் காருக்கு அந்த அளவு எப்படிப் பொருந்தும்?

இந்தத் தடவை எல்லாம் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. ஜெட்டில் ஒரு பட்டை, 92 ஒக்ரேன் பெற்றோலுக்கு ஏற்ப, பிளக் பொறி விழும் நேரமான ரைமிங்கில் இரண்டு பாகை, அவ்வளவுதான். முழு வேகத்தில் கலவை 12.8க்கு 1. சக்கரத்தில் 35 குதிரை வலு.

திரும்பும்போது லொறி பிடிக்கவில்லை. நானே ஓட்டி வந்தேன். ஆனையிறவில் நாலாம் கியரிலேயே மிதித்தேன். ஒரு திணறலும் இல்லாமல் இழுத்தது. அடுத்த நாள் ஐயா ஒரு பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பால் தேத்தண்ணீர் நிறம். ஒன்றும் சொல்லாமல் துடைத்து, திரும்பவும் பூட்டிவிட்டார்.