முதலில் சுமாக், கடைசியில் நோர்வே மேப்பிள்

ஒக்ரோபர் பிறந்தால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் கேட்கிற கேள்வி, "இந்த முறை அல்கொங்குவின் போகேல்லையோ?" என்பதுதான். அந்தக் காட்டில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் கார் ஓட வேண்டும், அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுத்து வைக்கவும் வேண்டும். பார்க்க வேண்டிய காடுதான். ஆனால் புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது வேறு. முதல் வருஷம் எங்கேயும் போக வேண்டாம். செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரைக்கும் உங்கள் தெருவிலேயே நடவுங்கள். மரங்கள் எல்லாம் ஒன்றாக நிறம் மாறுவதில்லை, அதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறை பிடிபட்ட பிறகுதான் எனக்கு இந்த ஊர் ஒரு ஊராகத் தெரியத் தொடங்கியது.

நாங்கள் வந்திறங்கியது ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ற்றுக்கு. அங்கே யன்னல் நில மட்டத்தில் இருக்கும். வானம் தெரியாது, புல்லும் போய் வருகிற ஆட்களின் சப்பாத்துகளும்தான் தெரியும். அந்த யன்னலில் மஞ்சள் இலைகள் வந்து குவியத் தொடங்கியபோது எனக்குப் பயமாக இருந்தது. இலை கொட்டினால் குளிர் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள். மேலே இருந்த வீட்டுக்கார மாமிதான் ஒருநாள் கீழே வந்து, "பிள்ளை, உள்ளுக்க இருந்து குளிரையே நினைச்சுக்கொண்டிருக்காதையும். வாரும், ஆர் முந்தி ஆர் பிந்தி எண்டு காட்டுறன்" என்று கூட்டிக்கொண்டு போனா.

முந்தி வருவது சுமாக் என்கிற சிறு மரம். நெடுஞ்சாலை ஓரங்களிலும் ஹைலண்ட் கிறீக் ஓடைக்கரைச் சரிவிலும் கூட்டம் கூட்டமாக நிற்கும். ஒரு வேரிலிருந்து பல கன்றுகள் முளைப்பதால் தனியாக ஒன்றைக் காண்பது குறைவு. இளம் மானின் கொம்பைப் போலக் கிளைகளில் மெல்லிய மயிர் இருக்கும். மற்ற மரங்கள் பச்சையாக நிற்கும்போதே இது இரத்தச் சிவப்பாகிவிடும். நுனியில் கூம்பாக நிற்கிற சிவப்புக் காய்கள் பனிக்காலத்திலும் உதிராது, குருவிகள் அதைக் கொத்தித்தான் அந்த மாதங்களைக் கடத்துகின்றன.

அதே நாட்களில் ஓடைக்கரையில் பூக்கள். ஊதா இதழும் மஞ்சள் நடுவுமாக நியூ இங்கிலாந்து அஸ்ரர், பக்கத்தில் பொன் மஞ்சளாக கோல்டன்றொட். தும்மல் வந்தால் பலரும் கோல்டன்றொட்டைத்தான் குறை சொல்வார்கள். அது அநியாயம். அதன் மகரந்தம் பாரமானது, ஒட்டுந்தன்மை உள்ளது, பூச்சிகள்தான் காவ வேண்டும். காற்றில் பறந்து மூக்கை வருத்துவது அதே காலத்தில் கண்ணுக்குப் படாமல் பூக்கிற ராக்வீட். மெக்சிக்கோ மலைகளை நோக்கிப் புறப்படுகிற மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்கு இந்த இரண்டு பூக்களும்தான் வழியுணவு. செப்ரெம்பரில் வெயில் ஏறிய பிறகு போய்ப் பாருங்கள், கட்டாயம் காண்பீர்கள்.

வீட்டு வாசலுக்கு வருவது செவ்வந்தி. பலசரக்குக் கடை வாசல்களில் சட்டி சட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். இரவு நீளத் தொடங்கினால்தான் அது மொட்டு வைக்கும், அதனால் இலையுதிர்காலம் அதற்கு வாழ்வு காலம். வாங்கும்போது முழுவதும் விரிந்த சட்டியை எடுக்காமல் மொட்டோடு இருப்பதை எடுங்கள், ஒரு மாதத்துக்குக் கிட்ட நிற்கும். நவராத்திரி பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வரும். ஊரில் சரஸ்வதி படத்துக்குச் செம்பரத்தையும் நந்தியாவட்டையும் வைத்த கைக்கு, இங்கே வாசற்படியில் ஆய்ந்த செவ்வந்தியை வைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி முடியாது. கடைப்பூ வேறு, தன் வாசலில் ஆய்ந்த பூ வேறு.

பிறகு, ஒக்ரோபர் நடுவில், சுகர் மேப்பிள். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஒரே மரத்தில் உச்சி சிவப்பாக, நடு செம்மஞ்சளாக, அடி இன்னும் பச்சையாக நிற்கும். இரவு நீள நீள, இலைக்காம்பும் கிளையும் சேருகிற இடத்தில் தக்கை போன்ற ஒரு படை வளர்ந்து சாறு போகிற வழியை அடைக்கிறது. பச்சையம் சிதைகிறது. மஞ்சள் கோடை முழுவதும் இலைக்குள் இருந்ததுதான், பச்சை அதை மூடி வைத்திருந்தது. சிவப்பு அப்படியல்ல. விழப்போகிற இலை, தன்னில் தேங்கிய சீனியிலிருந்து அதைப் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறையாத அளவு குளிரும் இருந்தால் அந்தச் சிவப்பு ஏறும். தொடர்ந்து மழையும் மப்புமாக இருந்த வருஷத்தில் நிறம் மங்கிப் போகும். பிறக்கும்போது சிவந்து பிறகு பச்சையாகிற மாந்தளிரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பச்சை இலை கடைசியில் சிவப்பது இன்றைக்கும் நின்று பார்க்கிற காரியமாகவே இருக்கிறது.

இந்தக் கிழமைகளில் கொஞ்சம் தூரம் போக விரும்பினால் ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்கா, அதற்கான சட்டம் 2015 இல் நடைமுறைக்கு வந்தது. மிருகக்காட்சிச்சாலைக்குப் போகிற பஸ்ஸிலேயே போகலாம். விஸ்டா பாதையில் உள்ள மேடையில் ஏறி நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே தெரியும்.

கடைசியாக மாறுவது எங்கள் தெருவோரத்தில் நிற்கிற நோர்வே மேப்பிள். இருபதாம் நூற்றாண்டில் ஒரு பூஞ்சை நோயால் தெருக்களில் நின்ற எல்ம் மரங்கள் செத்துப்போக, அந்த இடங்களுக்கு இதை நிறைய நட்டார்கள். மாமி ஒரு இலைக்காம்பை ஒடித்துக் காட்டினா, பால் வடிந்தது. சுகர் மேப்பிளில் அப்படி வடியாது. மற்றவை மொட்டையாக நிற்கும்போதும் இது பச்சையாக நின்று, நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற நாட்களில்தான் மஞ்சளாகும். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டுகிற அந்த வாரங்களில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே நிற்கிற அந்த மஞ்சள் மரம் எனக்குப் பெரிய துணை.

விழுந்த இலையைக் கூட்டி, கடதாசிப் பைகளில் போட்டு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிற நகரசபை வண்டிக்காக வெளியே வைப்பார்கள். பிளாஸ்ரிக் பையில் வைத்தால் எடுக்கமாட்டார்கள். நான் நடைபாதையிலும் புல்லிலும் கிடப்பதை மட்டும் கூட்டுவேன். செடிகளுக்குக் கீழே கிடப்பதைத் தொடுவதில்லை, வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் கூட்டுப்புழுவாகவும் முட்டையாகவும் அதற்குள்ளேதான் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்குப் பூவரசங் குழை தாழ்ப்பதைப் பார்த்த எவருக்கும் இலையைக் குப்பை என்று சொல்ல வாய் வராது.

இப்போது எங்களுக்கென்று ஒரு சின்ன வளவு இருக்கிறது. ஒக்ரோபரில் உள்ளிப் பற்களை ஊன்றி, மேலே காய்ந்த மேப்பிள் இலையைப் பரப்பிவிட்டால் அடுத்த யூலையில் கிண்டலாம். வசந்தத்துக்கான கிழங்குகளையும் இப்போதே தாழ்க்க வேண்டும். ரியூலிப் கிழங்கை அணில்கள் தோண்டித் தின்னும், நச்சுத்தன்மை உள்ள டஃபடில் கிழங்கைத் தொடாது. மாமிக்கு இப்போது குனிய ஏலாது. நிலம் இறுக முன்னம் அவவின் வாசலிலும் ஒரு வரிசை டஃபடில் தாழ்த்துவிட, வருகிற சனிக்கிழமை போகிறேன்.